தப்பாச் சொன்னா வர்ற குரல்

வாங்க மேடம், இந்த ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். டீ சொல்லியிருக்கேன்.

நீங்க கேக்கப் போறது மதுபாலாவோட மார்க்கப் பத்தித்தான? வர்ற எல்லாரும் அதத்தான் கேக்குறாக. எட்டாம் வகுப்புப் பிள்ளை, ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கேம்ல ஒண்ணுக்குக்கூட சரியான பதில் சொல்லல. ஜனவரியில ஒரே நாள்ல அம்புட்டையும் சரியாச் சொல்லிட்டா. கம்ப்யூட்டர்ல பாத்தா கோடு தரையோட தரையா போயி, திடீர்னு மொட்டமாடிக்கு ஏறுது. உங்க ஆராய்ச்சிக்கு நல்ல உதாரணந்தான். எழுதிக்கோங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க.

ஏன் சொல்றேன்னா, இந்த ஊர்ல என்னையப் பத்தி ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. செத்துப்போன பிள்ளையோட குரல இங்கிலீஷ் வாத்தியார் சீனிராஜ் அழிச்சுட்டாருன்னு. ஆமா, அழிச்சேன். அந்தப் பிள்ளை குரல்னு உலகத்துல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்னு எனக்கு யாரு சொன்னா? நீங்களே சொல்லுங்க. இல்ல, முதல்ல கேளுங்க, பெறகு சொல்லுங்க.

இந்த கேமு நானே செஞ்சது. ரெண்டு கோடை லீவு, பெஞ்சாதி திட்டத் திட்ட உக்காந்து செஞ்சேன். ஸ்கிரீன்ல ஒரு படம் வரும். ஏணின்னு வச்சுக்கோங்க. கீழ நாலு இங்கிலீஷ் சொல்லு இருக்கும். சரியானதத் தொட்டா மணி அடிக்கும், அடுத்த படம் வந்துரும். தப்பாத் தொட்டா ஒரு குரல் பேசும். சரியான சொல்ல மெதுவாச் சொல்லும், அத வச்சு இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சொல்லும், கடைசியா தமிழ்ல, "பரவாயில்ல, அடுத்தத நல்லாப் பாத்துத் தொடு"ன்னு சொல்லும். தெரிஞ்சவனுக்கு மணி போதும், தெரியாதவனுக்குத்தான் வாத்தியார் வேணும். அதுதான் என் கொள்கை. ட்ரெய்னிங்ல இதச் சொன்னப்ப எல்லாரும் கை தட்டுனாக.

முதல்ல என் குரல்லதான் பதிஞ்சேன். நான் தமிழ் மீடியத்துல படிச்சவன் மேடம், உங்களுக்குக் கேக்கும்போதே தெரிஞ்சிருக்கும். பிள்ளைக ஹெட்போன மாட்டிக்கிட்டுச் சிரிச்சதுக. காதுக்குள்ள வந்து திட்டுற மாதிரி இருக்கு சார்னு ஒருத்தன் சொல்லிட்டான். அப்பத்தான் காளீஸ்வரியக் கூப்பிட்டேன். போன வருசம் எட்டாம் வகுப்பு. மதுபாலாவுக்கு அக்கா, ஒரு வருசந்தான் மூப்பு.

இந்த ஊரு தறி ஊரு, வரும்போதே காதுல விழுந்திருக்கும். பாதி வீட்டுல பேண்டேஜ் துணி நெய்யுறாக. காளீஸ்வரி வீட்டுல ரெண்டு தறி, ஒண்ணு அப்பா, ஒண்ணு அம்மா. படுக்குற எடத்துக்கும் தறிக்கும் நடுவுல ஒரு சாக்குப் படுதாதான். விடிஞ்சதுல இருந்து தடதடதடன்னு ஓடும். அந்த வீட்டுல பேசணும்னா ஒண்ணு கத்தணும், இல்ல வாயத் தெளிவா அசச்சு ஒவ்வொரு எழுத்தாப் பிரிச்சுப் பேசணும். தங்கச்சி கத்துற ஜாதி. அக்கா வாயசச்சுப் பேசுவா. என் மக கான்வென்ட்ல படிக்கிறா, அவளுக்கே அம்புட்டு சுத்தமா வராது. அது வேற விசயம்.

சத்துணவு அரிசி மூட்ட அடுக்குற ரூம்ல வச்சுத்தான் பதிஞ்சேன். மூட்டை இருந்தா எதிரொலி வராது. வாக்கியம் எல்லாம் நான் எழுதிக் குடுத்தேன். அவ ரெண்டு படிச்சுட்டு, "சார், இது படிக்கிற மாதிரியே இருக்கு. நானே சொல்லட்டா?"ன்னா. சரி, இலக்கணம் தப்பு வந்தா திருத்திக்கலாம்னு விட்டுட்டேன். எல்லாம் அவ வீட்டுக் கதைதான். பின்னுன்னு ஒரு சொல்லு. அதுக்கு, 'மை மதர் வேர்ஸ் மோர் பின்ஸ் தேன் பேங்கிள்ஸ்'. அவுக அம்மா வளையல விட ஊக்குதான் நெறையப் போட்டிருக்காகளாம். அம்ப்ரல்லாவுக்கு, 'மை சிஸ்டர் லாஸ்ட் மை அம்ப்ரல்லா அண்ட் ப்ளேம்ட் எ கோட்'. தங்கச்சி குடையத் தொலச்சுட்டு ஆட்டு மேல பழி போட்டாளாம். தங்கச்சிய விடவே மாட்டா. எந்தச் சொல்லக் குடுத்தாலும் சுத்தி வளச்சு அவளக் கேலி பண்ணுறதுல வந்து நிக்கும். இந்த ரெண்டு வாக்கியந்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. நான் வாக்கியத்தக் கவனிக்கல மேடம், உச்சரிப்பத்தான் கவனிச்சேன். அதுதான என் வேலை.

காலாண்டு லீவுல காய்ச்சல்னு படுத்தா. ராஜபாளையம் கொண்டு போனாக, அங்கயிருந்து மதுரைக்குக் கொண்டு போனாக. கொண்டு வந்துட்டாக.

பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு பேர் கூப்பிடும்போது வாய் தவறி அவ பேரையும் கூப்பிட்டுட்டேன். நான் ஒண்ணும் கல்லு இல்ல. ஆனா வாத்தியாருக்கு வருசா வருசம் பிள்ளைக வரும், போகும். ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து அழுதா பாடம் யாரு நடத்துறது? ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கேம நிறுத்தி வைங்க சார்னாக. நிறுத்துனேன். ஒரு மாசம் போல இருக்கும், பிள்ளைகளே வந்து போடுங்க சார்னு கேட்டதுக. போட்டேன்.

அடுத்த ஜூன்ல மதுபாலா எட்டாம் வகுப்புக்கு வந்தா. எழுத்துப் பரீட்சையில அவதான் முதல். கேம்ல உக்கார வச்சா முட்டை. மறுநாளும் முட்டை. தப்பாச் சொன்ன படம் மறுநாள் திரும்ப வரும், அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன். மத்த பிள்ளைக ரெண்டாவது தடவ சரியாத் தொட்டுட்டு அடுத்த படத்துக்குப் போயிரும். இவளுக்கு அதே படம் அஞ்சு நாளு வந்தா அஞ்சு நாளும் தப்பு.

பின்னால நின்னு பாத்தேன். விரல் நேராப் போயி சரியான சொல்லு மேல நிக்கும். நின்னுட்டு, பக்கத்துச் சொல்லுக்கு நகந்து அதத் தொடும். தொட்டுட்டு ரெண்டு கையாலயும் ஹெட்போனக் காதோட அமுக்கிக்கிட்டு கண்ண மூடிக்குவா. சில நேரம் சிரிப்பா. தூங்குறாளோன்னு ஒரு தடவ முதுகுல தட்டுனேன், திடுக்குனு முழிச்சுப் பாத்தா. தெரிஞ்சுக்கிட்டே தப்பாத் தொடுறதுக்குப் பேரு என்ன மேடம்? திமிருன்னுதான் நான் நெனச்சேன். எந்த வாத்தியாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாக.

மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் கவர்மென்ட் குடுத்த கேமு, இங்க மட்டுந்தான் என்னோடது; அதுவும் அவ ஒருத்தியால எங்க வகுப்புச் சராசரி ஒன்றியத்துலயே கடைசி. கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால சுவத்துல போட்டுக் காட்டுனாக. சொந்தமா கேம் செஞ்ச பள்ளிக்கூடமே கடைசியான்னு ஒருத்தர் சிரிச்சாரு. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விசம். அன்னைக்குத் திரும்பி வந்து அவள வகுப்புல நிக்க வச்சேன். ஏன் இப்படிப் பண்றன்னு கேட்டா தரையப் பாக்குறா. நாளையில இருந்து ஒழுங்கா விளையாடலேன்னா கேமுக்கே விட மாட்டேன்னேன். அதுக்கு அழுதா பாருங்க, அடிச்சாக்கூட அப்படி அழ மாட்டாக. விளையாடத் தெரியாத பிள்ளை விளையாட்ட நிறுத்துறதுக்கு ஏன் அழுகுது? எனக்கு ஒண்ணும் வெளங்கல, ஆனா நிறுத்தல.

அப்பாவ வரச் சொன்னேன். சங்கரவேலுன்னு பேரு. தறி ஓடுது சார், வெரசாச் சொல்லுங்கன்னு நின்னுக்கிட்டே பேசுனாரு. உங்க மகளுக்கு கேம் பிடிக்கலையான்னு கேட்டேன். "அந்த கேமுக்காகத்தான் சார் அது காய்ச்சலோடகூட பள்ளிக்கூடம் வருது"ன்னாரு. அம்புட்டுத்தான், போயிட்டாரு. அந்த எடத்துலயாவது வெவரத்தச் சொல்லியிருக்கலாமில்ல?

அந்த நேரத்துலதான் குழந்தைக மனசப் பத்தி எங்களுக்கு மூணு நாள் ட்ரெய்னிங் போட்டாக. துக்கம் நடந்த வீட்டுப் பிள்ளைக்கு அத ஞாபகப்படுத்துற சாமான கண்ணுல இருந்து எடுத்துரணும்னு அங்க வந்த அம்மா சொன்னாக. எனக்குச் சட்டுன்னு பட்டுச்சு. அடப்பாவி, அக்கா குரல் காதுல விழுந்தா பாவம் அந்தப் பிள்ளைக்குப் புத்தி எப்படி ஓடும், அதான் தப்புத் தப்பாத் தொடுதுன்னு. எனக்கே என் மேல ஒரு பெருமை வந்துச்சு மேடம், பொய் சொல்லல. மத்த வாத்தியாரு யாரும் இம்புட்டு தூரம் யோசிக்க மாட்டாக.

அரையாண்டு லீவுல என் மக அபிநயாவ உக்கார வச்சேன். நான் எழுதிக் குடுத்த வாக்கியத்த அவ அப்படியே வாசிச்சா. ஒவ்வொண்ணா எடுத்து, பழைய குரல் இருந்த எடத்துல அதே பேருல புதுசப் போட்டேன். பழசும் புதுசும் கலந்து கெடந்தா கொழப்பம். நான் எப்பவுமே சுத்தமா வேலை செய்யுற ஆளு. காளீஸ்வரி குரலப் பதிஞ்ச போனு தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சுல போயிருச்சு. இம்புட்டுத்தான் நான் செஞ்சது. நல்லதுக்குத்தான் செஞ்சேன்.

டீ வந்துருச்சு, எடுத்துக்கோங்க. ஆறிப்போனா இந்தக் கடை டீயக் குடிக்க முடியாது.

ஜனவரியில முதல் நாள். மதுபாலா ஓடி வந்து எப்பவும் உக்காருற எடத்துல உக்காந்தா. பத்து நாளா லீவுல இருந்தா பாருங்க, ஒரு அவசரம். முதல் படத்துக்குத் தப்பாத் தொட்டா. ஹெட்போன அமுக்கிக்கிட்டா. கண்ணத் தொறந்தா. வயரப் பிடுங்கித் திரும்பச் சொருகுனா. இன்னொண்ணு தப்பாத் தொட்டா. பக்கத்துப் பிள்ளையோட ஹெட்போன வாங்கி மாட்டிப் பாத்தா. பெறகு எழுந்திரிச்சு என்னையப் பாத்தா. என்னம்மான்னேன். உக்காந்தா, மடமடன்னு தொட ஆரம்பிச்சா. மணி, மணி, மணி. தொறந்து விட்டிருந்த பாடம் அம்புட்டையும் அந்த ஒரு பிரியட்ல முடிச்சுட்டா. ஒரு தப்பு இல்ல. ஹெட்போனக் கழட்டி ஸ்கிரீன் மேல தொங்க விட்டுட்டு வெளிய போயிட்டா.

நான் வகுப்பக் கை தட்டச் சொன்னேன். நீங்க கேட்டீங்கள்ல, கோடு ஏன் மாடிக்கு ஏறுச்சுன்னு. அதுதான் அந்த நாளு. மறுநாள் பிரேயர்ல கூப்பிட்டு ஒரு பேனா குடுத்தேன். வாங்கிக்கிட்டா. அதுல அவ எழுதி இன்ன வரைக்கும் நான் பாக்கல.

ரெண்டு நாள் கழிச்சு அவுக அம்மா பாண்டியம்மா வந்தாக. தறியில இருந்து அப்படியே வந்திருக்காக, தலையெல்லாம் பஞ்சு. நீங்க உக்காந்திருக்குற எடத்துலதான் நின்னாக. உக்காரச் சொன்னா உக்காரல. சண்டைக்கு வந்திருக்காகன்னு நான் தயாரா இருந்தேன். ஆனா அவுக சத்தமே போடல.

"சார், பெரியவ குரல எடுத்துட்டீங்களாமே. எடுத்தது எடுத்தீங்க, அத என் போனுல ஏத்தித் தாங்க. வீட்டுல அவ பேசுன வீடியோ ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் தறிதான் சார் பேசுது. அவ வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல."

சின்னவ தெனமும் வந்து, இன்னைக்கு அக்கா என்ன சொன்னான்னு சொல்லுவாளாம். இங்கிலீஷ்ல சொல்லிட்டுத் தமிழ்லயும் சொல்லுவாளாம். கரண்டு போயி தறி நிக்கிற நேரம் பாத்து மூணு பேரும் உக்காந்து கேப்பாகளாம். அந்த ஊக்குக் கதையக் கேட்டு அவுக அப்பா சிரிச்சாராம். பிள்ளை போனதுக்குப் பெறகு அன்னைக்குத்தான் அவரு சிரிச்சாராம். இதெல்லாம் அந்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத முன்னாலயே வந்து சொன்னா என்ன? ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நாள் இருந்துச்சே. மூணு பேருக்கு வாய் இருக்கே. ஒருத்தர் சொல்லக் கூடாதா?

அழிச்சுட்டேம்மான்னேன்.

எங்கயாவது கொஞ்சம் இருக்குமா சார்னு கேட்டாக. இல்லம்மான்னேன். கையில வச்சிருந்த போன இடுப்புல சொருகுனாக. பெறகு, "இப்ப அதுல யாரு சார் பேசுறது?"ன்னாக.

"என் மகம்மா."

"நல்லா இருக்கட்டும் சார்"னு சொல்லிட்டுப் போயிட்டாக.

பாருங்க, அவுகளே வாழ்த்திட்டுத்தான் போனாக. ஒரு கோவம் இல்ல. ஊருதான் சும்மா பேசுது. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போறேன், அபிநயா உள்ள இருந்து, "அப்பா வந்தாச்சா"ன்னு கேக்குறா. தெனமும் கேக்குறதுதான். அந்தக் குரலக் கேட்டதும் செருப்பக்கூடக் கழட்டாம வாசல்லயே நின்னேன். நல்லா இருக்கட்டும்னு ஒருத்தி சொன்னது இப்படியா ஒரு மனுசனப் போட்டு அறுக்கும்?

ராஜபாளையத்துல கம்ப்யூட்டர் சரி பண்ற பையன் ஒருத்தன் இருக்கான். கேமு இருக்குற ஸ்கூல் மெயின் கம்ப்யூட்டரயே தூக்கிக்கிட்டுப் போனேன். எதுனாச்சும் தேறுமான்னு கேட்டேன். சும்மா அழிச்சிருந்தா தேடலாம் சார், அது இருந்த எடத்துலயே வேற ஒண்ண வச்சுட்டா நான் எங்கன போயித் தேடுறதுன்னான். மதுரையிலயும் அதத்தான் சொன்னாக. பழைய போன எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிட்ட கடையிலயும் போயி நின்னேன். சிரிக்காம பதில் சொன்னான், அந்த மட்டுக்கும் புண்ணியம்.

கேமு இப்ப நல்லா ஓடுது. சராசரி ஏறியிருக்கு. அத நீங்க எழுதலாம், பொய் இல்ல.

போன வாரம் மதுபாலா இங்க வந்தா. ஜனவரிக்குப் பெறகு எங்கிட்ட அவளா வந்து பேசுனது அன்னைக்குத்தான். வாசல்ல நின்னு, உள்ள வரலாமா சார்னா. வாம்மான்னேன். எனக்கு மனசுக்குள்ள ரொம்ப நாளாக் கெடந்தது, கேட்டுட்டேன். ஏம்மா, தெரிஞ்சுக்கிட்டே தப்பாத் தொட்ட?

"சரியாத் தொட்டா மணிதான சார் அடிக்கும்"னா.

நான் செஞ்ச கேமு. என் கொள்கை.

அவ வந்த காரணம் வேற. ஒன்பதாம் வகுப்புல போயி ஒவ்வொருத்தரா விசாரிச்சிருக்கா, அக்கா கூடப் படிச்ச பிள்ளைககிட்ட. அக்கா என்னென்ன சொன்னா, யாருக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு. நல்லாப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒண்ணுமே தெரியலையாம், அதுக மணியத்தான கேட்டிருக்கும். மக்குன்னு நான் திட்டுன பசங்கதான் அஞ்சாறு வாக்கியம் சொன்னானுகளாம். அதுவும் முதல் பாடங்கள்ல இருந்துதான், போன வருசமும் மீதிய நான் தொறக்கல. டிசம்பர் வரைக்கும் நான் தொறந்து விட்டது பாதிப் பாடம். மீதிப் பாதிய அவ கேக்கவே இல்ல.

"தொறக்காத பாடத்துல அக்கா என்ன சொன்னா சார்? நீங்க மட்டுந்தான் எல்லாத்தையும் கேட்டிருக்கீங்க."

மேடம், அந்த அரிசி மூட்டை ரூம்ல அவளுக்கு எதுத்தாப்புல உக்காந்து நானூறு வாக்கியம் கேட்டிருக்கேன். அவ உதட்டத்தான் பாத்தேன். இந்த எழுத்துக்கு உதடு குவியுதா, அந்த எழுத்துக்குப் பல்லு படுதான்னு பாத்தேன். என்ன சொன்னான்னு கேக்கல. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், உதடுதான் வருது.

அவ நிக்கிறா. "தண்டருக்கு என்ன சார் சொன்னா?"ன்னு கேக்குறா. இடிக்கு. வெறுங்கையோட எப்படி அனுப்புறது? வாயில வந்ததச் சொன்னேன். 'மை சிஸ்டர் இஸ் எ பிரேவ் கேர்ள். ஷி இஸ் நாட் அஃப்ரைட் ஆஃப் தண்டர்.' என் தங்கச்சி தைரியசாலி, இடிக்கெல்லாம் பயப்பட மாட்டான்னு சொன்னாம்மான்னேன்.

இல்லன்னு தலையாட்டுனா.

"அக்கா என்னைய அப்படிச் சொல்ல மாட்டா சார்."

மொகத்துல கோவம் ஒண்ணும் இல்ல. வாரேன் சார்னு சொல்லிட்டுப் போயிட்டா.

அன்னைக்கு வீட்டுக்குப் போயி ரொம்ப நேரம் யோசிச்சேன். லேடருக்கு ஒண்ணு தயார் பண்ணேன். தங்கச்சி ஏணியில ஏறிட்டு எறங்கத் தெரியாம கத்துற மாதிரி, நல்லாக் கேலியா, காளீஸ்வரி சொல்ற மாதிரியே. மறுநாள் அத மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் இங்கனதான் உக்காந்திருந்தேன். அவ வரல.